டிரிப்சினுக்கு ஒரு பத்தி

கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். திருத்திய விடைத்தாள்களில் பெரும்பாலானவை மறந்துபோயின. ஒன்று மட்டும் மறக்கவில்லை. புரோட்டியேஸ் நொதிகளின் பணி என்ன என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு ஒரு மாணவி, "புரதத்தை வெட்டும், சூழல் மாறினால் துண்டுகளை ஒட்டவும் செய்யும்" என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். மேற்பார்வையிட்டவர் ஒன்றைக் குறைத்தார். வாதாடிப் பார்த்தேன். "கீ-யில இல்லையே சார்" என்பதோடு பேச்சு முடிந்தது.

அந்தப் பெண் எழுதியது சரியான விடை. வினையூக்கி சமநிலையை மாற்றாது, அதை எட்டும் வேகத்தை மட்டுமே கூட்டும் என்று நாமே நடத்துகிறோம். அப்படியென்றால் வெட்டுவதை விரைவுபடுத்தும் நொதி, ஒட்டுவதையும் விரைவுபடுத்தியாக வேண்டும். ஆனால் அடுத்த பாடத்திலேயே புரோட்டியேசுக்குக் கத்தரிக்கோல் படம் போட்டு, சொன்னதை நாமே மறந்துவிடுகிறோம். 1898-லேயே வேதியியலாளர் வாண்ட் ஹாஃப், டிரிப்சின் என்ற புரோட்டியேசால் புரதத்தைக் கட்டவும் முடியலாம் என்று ஊகித்தார். 1937-ல் பெர்க்மனும் ஃப்ரேங்கல்-கான்ராட்டும் பப்பாளிப் பாலில் உள்ள பப்பெயினைக் கொண்டே அமைடு பிணைப்பை உண்டாக்கிக் காட்டினார்கள்.

பிறகு ஏன் வெட்டுவது மட்டும் நம் கண்ணில் படுகிறது? காரணம் தண்ணீர். ஒரு பெப்டைடு பிணைப்பு அறும்போது ஒரு நீர் மூலக்கூறு செலவாகிறது. சுற்றிலும் தண்ணீராக இருந்தால் வெட்டுதான் வெல்லும். தண்ணீரைக் குறைத்தால் ஒட்டுக்கு வழி பிறக்கிறது. சலவைத் தூளில் இரத்தக் கறையைக் கரைக்கிறதே சப்டிலிசின், அது ரைபோநியூக்ளியேஸ் என்ற 124 அமினோ அமிலப் புரதத்தை 20-க்கும் 21-க்கும் நடுவே வெட்டும். 1979-ல் ஹோமண்ட்பெர்க்கும் லாஸ்கோவ்ஸ்கியும் அந்தத் துண்டுகளை 90 சதவீதக் கிளிசராலில் போட்டு, அதே சப்டிலிசினைச் சேர்த்தார்கள். அறுந்த பிணைப்பு மறுபடி உண்டானது. வகுப்பில் இதைச் சொன்னால் பின்பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

இன்சுலின் கதை இதைவிடப் பெரிது. மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். பன்றி இன்சுலினிலும் அத்தனைதான். வேறுபாடு ஒரே இடத்தில், பி சங்கிலியின் கடைசியில். பன்றிக்கு அலனின், நமக்கு த்ரியோனின். டென்மார்க்கின் நோவோ நிறுவனம் டிரிப்சினைக் கொண்டு அலனினைக் கழற்றி, தண்ணீர் குறைந்த கரைசலில் த்ரியோனின் எஸ்டரை அந்த இடத்தில் மாட்டியது. கழற்றியதும் மாட்டியதும் ஒரே நொதி. இப்படிச் செய்த மனித இன்சுலின் 1982-ல் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு எலி லில்லியின் பாக்டீரியா இன்சுலினும் அனுமதி பெற்றது. நம் பாடப்புத்தகங்களில் இடம் பிடித்தது பாக்டீரியா மட்டும்தான்.

இதெல்லாம் ஆய்வகத் தந்திரம், இயல்பில் புரோட்டியேஸ் வெட்டத்தான் செய்யும் என்று நண்பர் ஒருவர் என்னிடம் சொல்வதுண்டு. பாதி நியாயம். ஒட்டியதையே திரும்ப வெட்டிவிடுவதுதான் இந்த முறையின் பெரிய தொல்லை. அதற்காகவே ஜெனன்டெக் நிறுவனத்தில் வெல்ஸ் குழுவினர் சப்டிலிசினில் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றி, வெட்டும் திறனை ஒடுக்கி, ஒட்டும் திறனை மிஞ்சவைத்தார்கள். 1994-ல் ஆறு துண்டுகளிலிருந்து முழு ரைபோநியூக்ளியேசையே கட்டி எழுப்பினார்கள்.

ஆனால் 'இயல்பில்' என்ற சொல்லை நண்பர் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். நம் வேலிகளில் படரும் சங்குப்பூக் கொடியில், வெட்டும் நொதிக் குடும்பத்திலேயே பிறந்து, ஒட்டுவதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட ஒரு நொதி இருக்கிறது. பியூட்டலேஸ் என்று பெயர். பெப்டைடின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கிவிடும், அதுவும் அசுர வேகத்தில். சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டாம் குழுவினர் 2014-ல் இதை வெளியிட்டார்கள். எந்த ஆய்வாளர் கைபட்டு அந்தக் கொடி இதைக் கற்றது?

புதிய அத்தியாயம் எழுதும்படி நான் கேட்கவில்லை. பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் அடுத்த திருத்தத்தின்போது இன்சுலின் பக்கத்தில் டிரிப்சினுக்கு ஒரு பத்தி ஒதுக்கட்டும். அதுவரை காத்திருக்க வேண்டாம். விடைக்குறிப்பு தயாரிக்கும் ஆசிரியர்கள் "ஒட்டவும் செய்யும்" என்று எழுதும் பிள்ளைக்கு இந்த ஆண்டிலிருந்தே முழு மதிப்பெண் கொடுங்கள்.