இனாம் அல்ல, இரவுச் சாப்பாடு

"உதவிப்பணம் கொடுத்துக் கொடுத்தே அரசாங்கம் சனங்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டது." கண்டியில் படித்தவர்கள் கூடும் இடங்களில் இந்த வாக்கியத்தை நான் கேட்காத மாதமில்லை. சொல்பவர்களில் பலர் ஹந்தானைக்குப் போயிருப்பார்கள். தேயிலை நூதனசாலையைப் பார்த்து, தேநீர் அருந்தித் திரும்பியிருப்பார்கள். லயங்களுக்கு நடுவிலுள்ள சில்லறைக் கடையில் அரைமணி நேரம் நின்றிருக்க மாட்டார்கள்.

நின்றால் தெரியும். அஸ்வெசும பணம் வந்ததும் முதலில் தீர்வது கடன் கொப்பி. அடுத்து அரிசி, பருப்பு, கோதுமை மா, பிள்ளைக்குப் பால்மா. வசதியுள்ளவனுக்கு மேலதிகமாகக் கிடைக்கும் ஆயிரம் ரூபாய் வங்கியில் உறங்கும். ஏழைக்குக் கிடைக்கும் ஆயிரம் அந்த வாரமே கடைக்குப் போகும். அதில் வாங்கும் சவர்க்காரத்துக்கும் அவன் வரி கொடுக்கிறான். அந்தப் பெறுமதிசேர் வரியை 15 வீதத்திலிருந்து 18 வீதமாக்கியது 2024 ஜனவரியில். கொடுத்ததில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அரசைத் தருமவான் என்பது எந்த நியாயம்?

என் முறைப்பாடு வேறு. இந்நாட்டில் உதவியின் அளவை விலைவாசி தீர்மானிப்பதில்லை. ஆட்சியாளரின் மனநிலை தீர்மானிக்கிறது. 1979இல் பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையின் ரூபாய்ப் பெறுமதி அப்படியே நின்றது, விலைகள் ஏறின. எந்தச் சட்டமும் திருத்தாமலே ஏழையின் தட்டிலிருந்து சோறு குறைந்தது. பின்பு 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும. பெயர்கள் மாறின, நோய் மாறவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அத்தகைய ஆண்டில், ரூபாயில் உறைந்து நிற்கும் எந்த உதவியும் பாதியாகிவிடும்.

2025 ஜனவரியில் மிக வறிய குடும்பத்துக்கான 15,000 ரூபாய் 17,500 ஆகவும், வறிய குடும்பத்துக்கான 8,500 ரூபாய் 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டன. வரவேற்கிறேன். ஆனால் அது அமைச்சரவை தந்த உயர்வு, விதி தந்ததல்ல. நாளை விலை ஏறும்போது இன்னோர் அமைச்சரவை கண்ணை மூடிக்கொள்ளலாம்.

ஆகவே கேட்பது ஒன்றுதான். உதவித்தொகையை நுகர்வோர் விலைச்சுட்டெண்ணுடன் சட்டத்தால் பிணையுங்கள். ஆண்டுதோறும், எவரும் எவரிடமும் கெஞ்சாமல், அது தானே உயரட்டும். அதைச் செய்ய மறுப்பவர்களுக்குச் சோம்பேறித்தனத்தைப் பற்றிப் பேச அருகதையில்லை.