மேல் வீட்டுத் தொட்டியும் கீழ் வீட்டுக் கூரையும்



உங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். அங்கே ஒரு பழைய வாளியோ, வாயகன்ற டப்பாவோ வைக்கப்பட்டிருக்கிறதா? அப்படியானால் இம்மாதக் கட்டுரை உங்களுக்காகவே எழுதப்படுகிறது. சொட்டுகின்ற நீரைப் பிடிக்க வாளி வைப்பதும், நிறைந்ததும் எடுத்து ஊற்றுவதும், நாளடைவில் அதுவும் வீட்டு வேலைகளுள் ஒன்றாகி விடுவதும் பல இல்லங்களில் நாம் காணும் காட்சிதான்.

மதரஸாவில் பாடம் நடத்துபவருக்குக் குழாய் வேலையில் என்ன அக்கறை என்று நீங்கள் வினவலாம். பிணக்குகள் எங்களைத் தேடி வருகின்றன; அவற்றின் வேர் எங்கே இருக்கிறதென்று பார்க்க வேண்டியதாகிறது.

இராயப்பேட்டையில் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக வாழும் இரு குடும்பங்கள். நோன்புக் கஞ்சியும் பெருநாள் பிரியாணியும் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டிற்குச் சென்றுகொண்டிருந்த நட்பு அது. திடீரெனப் பேச்சு நின்று போயிற்று. "ஹஜ்ரத், மூன்று வாரமாகச் சொல்கிறோம், மேல் வீட்டார் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. கூரை ஒழுகித் தொழுகை விரிப்பை இடம் மாற்றி மாற்றிப் போடுகிறோம்" என்றார் கீழ் வீட்டுப் பெரியவர். மேல் வீட்டுச் சிறுவனை அழைத்துக் கேட்டேன். "அத்தா தம்மாமில் இருக்கிறார்கள். அம்மா வீட்டுக்காரரிடம் நான்கு தடவை சொல்லிவிட்டார்கள். பிளம்பர் இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்கிறார்கள், யாரும் வரவில்லை" என்றான். இரு தரப்பிலும் பொய் இல்லை. இரு தரப்பையும் பிரித்து வைத்தது ஒரு ரப்பர் வளையம்! அதன் விலை ஒரு குவளைத் தேநீரின் விலையை விடச் சற்றே கூடுதலாக இருக்கலாம்.

தொட்டியின் கழிவுக் குழாய் அமைப்பு மிக எளியது. தொட்டியின் துளையில் 'வேஸ்ட் கப்ளிங்' எனப்படும் உலோக வாய் பொருத்தப்பட்டிருக்கும். அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் நட்டு, நெளிவுகளுள்ள வேஸ்ட் பைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு வாஷர். இங்கேதான் பலரும் தவறாக எண்ணுகிறார்கள். நீரைத் தடுப்பது நட்டு அன்று; வாஷரே. நட்டின் பணி அந்த வாஷரைச் சீராக அழுத்திப் பிடிப்பது மட்டுமே. ஆகவே ஒழுகும்போது ஸ்பானரை வைத்து முறுக்கிக்கொண்டே போனால் ஒழுக்கு நிற்காது, நட்டுதான் வெடிக்கும். மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றுவதும் இவ்விடத்தில் பயன் தருவதில்லை. ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள இடத்தில் பிசைந்து அப்பும் எம்-சீலும் ஒட்டாது.

வாஷர் ஏன் கெடுகிறது? சோறு வடித்த கொதிகஞ்சியை அப்படியே தொட்டியில் ஊற்றுகிறோம். அந்தச் சூட்டில் பி.வி.சி. குழாய் இளகுகிறது, ரப்பர் நாளடைவில் இறுகி விறைக்கிறது. இறைச்சிக் கொழுப்பு குழாயினுள் உறைந்து அடைக்கிறது. அடைத்த நீர் மேலே தேங்கி, தளர்ந்த இணைப்பைத் தேடி வெளியேறுகிறது. அடைப்பை நீக்கக் கம்பியால் குத்தினால் மெல்லிய குழாய் கிழிகிறது.

மற்றொரு காரணம் அசைவு. சமையலறையும் படுக்கையும் உள்ளே அமைந்த 'கேரவன்' வண்டிகளை அறிந்திருப்பீர்கள். அண்டை மாநிலமான கேரளத்தில் 2021இல் அவற்றுக்கென ஒரு சுற்றுலாத் திட்டமே அறிவிக்கப்பட்டது. அந்த வண்டிகளிலுள்ள தொட்டிக்கும் இதே நட்டும் வாஷரும்தான். சாலையின் குலுக்கலில் இணைப்புகள் தளர்வதால், அவற்றை அவ்வப்போது கையால் தொட்டுப் பார்த்து இறுக்க வேண்டியிருக்கிறது. நம் வீடு நகர்வதில்லையே என்பீர்கள். ஆனால் தொட்டியின் அடியில் நாம் அடுக்கும் வெங்காயக் கூடையும் குப்பை வாளியும் எண்ணெய் டின்னும் நாள்தோறும் அந்தக் குழாயில் இடித்துக்கொண்டுதானே இருக்கின்றன?

இனி, பழுது பார்க்கும் முறையைக் காண்போம்.

முதலில், ஒழுகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். நீர் குழாயின் மேல் வழிந்து வந்து கீழே சொட்டும். ஆதலால் சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. அடிப்பகுதி முழுவதையும் உலர்ந்த துணியால் துடைத்து, கீழே செய்தித்தாளை விரியுங்கள். தொட்டியின் வாயை அடைத்துப் பாதியளவு நீர் நிரப்பிச் சற்றுநேரம் காத்திருங்கள். அப்போதே ஈரம் கண்டால் கோளாறு தொட்டிக்கும் கப்ளிங்குக்கும் இடையில். இல்லையெனில் அடைப்பை எடுத்துவிட்டு, மேலிருந்து கீழாக ஒவ்வோர் இணைப்பிலும் காய்ந்த காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். முதலில் நனையும் இடமே குற்றவாளி.

அடுத்து, தொட்டியில் யாரும் நீர் ஊற்றாதபடி பார்த்துக்கொண்டு, அடியில் வாளியை வைத்து, நட்டைக் கையாலேயே இடப்புறமாகச் சுழற்றிக் கழற்றுங்கள். பழைய வாஷரை எறிந்து விடாமல், கடைக்குக் கையோடு எடுத்துச் சென்று அதே அளவில் வாங்குங்கள், அளவுகள் பலவகை. இணைப்பின் இரு முகங்களையும் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். வாஷரின் ஒரு பக்கம் சரிவாக இருந்தால், அந்தச் சரிவு நட்டை நோக்காமல் இணைப்பின் வாயை நோக்கி இருக்க வேண்டும். நட்டு கோணாமல் மரையில் ஏறுகிறதா என்று பார்த்து, கைப்பலத்தில் இறுக்குங்கள். அதுவே போதும். குழாய் கிழிந்திருந்தால் ஒட்டுப் போடாமல் புதிதாக மாற்றிவிடுங்கள். இறுதியாகத் தொட்டியை நிரப்பி ஒரே வீச்சில் திறந்து விட்டுச் சோதியுங்கள். இரவு முழுவதும் செய்தித்தாள் நனையாதிருந்தால் வேலை முடிந்தது. சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ செல்லும் குழாயில் கோளாறு என்றால் மட்டும் பிளம்பரைத் தவிர்க்க இயலாது.

குழாயைத் திரும்ப மாட்டும்போது அதன் வளைவை நேராக்கி விடாதீர்கள். அந்த வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கி, சாக்கடைக் காற்று வீட்டினுள் ஏறாமல் தடுக்கிறது. இலண்டனில் கடிகாரத் தொழில் செய்த அலெக்ஸாண்டர் கம்மிங் என்பவர் 1775இல் கழிப்பறைக்காக இத்தகைய வளைவுக்குக் காப்புரிமை பெற்றார். அது வறண்டால் என்ன ஆகும் என்பதை 2003இல் ஹாங்காங் கண்டது. அமாய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300க்கும் மேற்பட்டோரைப் பற்றியது. குளியலறைத் தரைக் குழாய்களின் வளைவுகளில் நீர் வற்றிப்போனதால், கழிவுக் குழாயிலிருந்த கிருமி வீடுகளுக்குள் புகுந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினர். ஆகவே ஹஜ்ஜுக்கோ கோடை விடுமுறைக்குச் சொந்த ஊருக்கோ சென்று திரும்பியதும், வீட்டிலுள்ள ஒவ்வொரு கழிவுத் துளையிலும் ஒரு செம்பு நீர் ஊற்றுங்கள்.

சொட்டுத்தானே என்று எண்ண வேண்டாம். வேளைக்கு ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி, என மூன்று வேளை கசிந்தால் மாதத்திற்கு 18 லிட்டர். அது போகுமிடம் கீழ் வீட்டுக் கூரை. கான்கிரீட் தளமென்றால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பை விடக் கூடுதல் இடம் கேட்பதால் தளம் வெடித்துப் பெயர்ந்து விழும். நம் பகுதியின் பழைய வீடுகளிலோ தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய 'மெட்ராஸ் டெரஸ்' கூரைகள் இன்னும் இருக்கின்றன. ஓயாத ஈரம் உத்திரத்தின் முனையை உளுத்துப் போகச் செய்யும். அதன் அடியில் ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருக்கலாம்.

அண்டை வீட்டாரின் உரிமை பற்றி ஜும்ஆ மேடைகளில் நாம் கேட்காத நாளில்லை. அந்த உரிமை நம் தொட்டியின் அடியிலும் இருக்கிறது. குடியிருப்பவர் கடமையா, வீட்டுக்காரர் கடமையா என்று வழக்காடிக்கொண்டிருக்கும் நேரத்திலும் நீர் சொட்டுவதை நிறுத்துவதில்லை. முதலில் ஒழுக்கை நிறுத்துங்கள். கணக்கைப் பிறகு பேசுங்கள். கணவர் கடல் கடந்து பிழைக்கும் இல்லங்களின் சகோதரிகளே! இந்த வேலைக்கு ஆண்பிள்ளை வேண்டும் என்று காத்திராதீர்கள். ஜாடி மூடியைத் திறக்கும் கைக்கு இந்த நட்டு பெரிய வேலையன்று. பக்கத்தில் உங்கள் மகனையும் மகளையும் உட்கார வைத்துக் கற்றுக் கொடுங்கள்.

கீழே குடியிருப்போருக்கும் ஒரு சொல். மேலே சென்று குரலை உயர்த்துமுன், "குழாயைச் சேர்ந்து பார்ப்போமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

நான் சொன்ன அந்த வீட்டில் பெரியவரே மாடியேறினார். அவர் விளக்கைப் பிடிக்க, சிறுவன் வாஷரை மாற்றினான். கால் மணி நேரம் கூட ஆகவில்லை. கூரையின் ஈரம் காய மேலும் பல நாட்கள் பிடித்தன. பேச்சு மட்டும் அன்று மாலையே தொடங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்!

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.