வெறும் நிலமும் சித்திரம்தான்

பெரு நாட்டின் தெற்கே, நாஸ்கா, பால்பா ஊர்களுக்கு நடுவில் விரிந்து கிடக்கும் பாலையில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட குரங்கையும் சிலந்தியையும் ரீங்காரச் சிட்டையும் காண உலகெங்குமிருந்து ஆட்கள் போகிறார்கள். சிறு விமானத்தில் ஏறி வட்டமடிக்கலாம். நெடுஞ்சாலையோரக் கோபுரத்தில் ஏறி நின்றும் பார்க்கலாம். அதற்கு மேல் கிட்டே போக விடமாட்டார்கள். இவ்வளவு செலவழித்து வந்தும் எட்ட நின்றே திரும்புவதா என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தத் தடை சரியானது. சித்திரங்களுக்கு நடுவே வெறுமையாகத் தெரியும் நிலத்துக்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்பதே என் வாதம்.

காரணம் அந்தச் சித்திரங்கள் உருவான விதத்திலேயே இருக்கிறது. பாலையின் மேற்பரப்பில் இரும்புத் துரு ஏறிக் கறுத்த கற்கள் பரவிக் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி ஓரமாக ஒதுக்கினால் அடியிலுள்ள வெளிறிய மண் கோடாகத் தெரியும். சாயமோ சாந்தோ கிடையாது. பள்ளமும் பெரும்பாலும் ஒரு சாணுக்குள்தான். மழை அநேகமாக இல்லாததால் கோடுகள் நிலைத்தன. அதே காரணத்தால் நம் காலடியும் நிலைத்துவிடும். 2014 டிசம்பரில் லிமாவில் பருவநிலை மாநாடு நடந்தபோது, கிரீன்பீஸ் அமைப்பினர் ரீங்காரச் சிட்டின் அருகே துணி எழுத்துகளை விரிக்கப் போய்த் தடம் பதித்தார்கள். பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். மன்னிப்பால் புரண்ட கல் பழைய இடத்துக்குத் திரும்பாது. 2018 ஜனவரியில் சாலையை விட்டு விலகிய லாரி ஒன்று மூன்று உருவங்களின் பகுதிகளைச் சிதைத்தது.

உருவங்களைச் சுற்றி வேலி போட்டுவிட்டு மற்ற நிலத்தைப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். எது மற்ற நிலம் என்பதுதான் சிக்கல். பார்வையாளர்கள் ஏறும் குன்றில் 2020இல் பராமரிப்பு வேலை நடந்தபோது 37 மீட்டர் நீளப் பூனை வெளிப்பட்டது. செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஜப்பானின் யமகட்டா பல்கலைக்கழகக் குழு 303 புதிய உருவங்களைக் கண்டறிந்ததாக 2024இல் அறிவித்தது. அதுவரை அவை இருந்த இடமெல்லாம் வெறும் நிலம்தான். அப்படியிருந்தும் 2025 மே மாதம் பெரு அரசு, சுமார் 5,600 சதுர கிலோமீட்டர் காப்புப் பரப்பை 3,200ஆகக் குறைத்தது. விடுபட்ட நிலத்தில் சுரங்கம் தோண்டுவார்கள் என்று எதிர்ப்பு வலுத்ததும் அடுத்த மாதமே பின்வாங்கியது. சுரங்கத்தை நம்பிப் பிழைக்கும் ஏழைகளின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அவர்களுக்கு மாற்று வருமானம் காட்டுவது அரசின் கடமை. ஆனால், தோண்டிய பாலையை எந்த வருமானத்தாலும் மீட்க முடியாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. அந்தக் கால மக்கள் சடங்குகளின்போது இந்தக் கோடுகளின் மீதே நடந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சிறு உருவங்கள் பல, ஒற்றையடிப் பாதையில் போகிறவர் கண்ணில் படும்படி அமைந்துள்ளன. நடப்பதற்கென்று போட்டதை எட்ட நின்று பார்ப்பது பொருத்தமா? அவர்களுக்குத் தடம் எது, சித்திரம் எது என்று தெரிந்திருந்தது. கற்களை ஒதுக்கியவர்களும் அவர்களே. அந்த அறிவை இழந்துவிட்டு அவர்களுடைய உரிமையை மட்டும் நாம் கோர முடியாது.

வாழ்நாளில் பாதியை இக்கோடுகளுக்குக் கொடுத்த ஜெர்மானியக் கணித அறிஞர் மரியா ரைஹே, தம் பணத்தில் எழுப்பியதுதான் அந்தச் சாலையோரக் கோபுரம். மேலே ஏறினால் மரம், கைகள் ஆகிய சித்திரங்கள் முழுதாகத் தெரியும். பக்கத்திலிருக்கும் பல்லி மட்டும் இரண்டு துண்டு. நெடுஞ்சாலை போட்டவர்களுக்கு அது வெறும் நிலமாகப்பட்டது.