தேசிமரத்துப் புழு



மாரி முடிந்து வெயில் எறிக்கத் தொடங்கிய நாளொன்றில், கிணற்றடித் தேசிமரத்துக்குக் கீழே நின்று என் பேத்தி கத்தினாள். "அம்மம்மா, காகத்தின்ர எச்சம் இலையில நடக்குது. ஓடி வாங்கோ!"

சிரித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். எச்சம் உண்மையாகவே நடந்தது. கறுப்பும் மண்ணிறமும் வெள்ளையும் கலந்த ஒரு சின்னப் புழு. கையிலிருந்த விளக்குமாற்றை ஓங்கினேன். அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "தெரியாததைத் தொடக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. 2010 இல் ஜெயபுரத்துக்குத் திரும்பி வந்தபோது வீட்டில் நாங்கள் சொல்லிக்கொடுத்த முதற்பாடம் அது. தெரியாத பொருளைக் கண்டால் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல். அந்த நாட்களில் நிலத்தைப் பார்த்துப் பார்த்தே நடந்தோம். பற்றைக்குள் மினுங்கும் எதையும் பயத்தோடுதான் பார்த்தோம். அதே பாடத்தை இவள் ஒரு புழுவுக்குச் சொல்கிறாள்.

அன்று புழுவை அடிக்கவில்லை. மகளின் பழைய கைத்தொலைபேசியால் படம் எடுத்தோம். அடுத்தடுத்த நாட்களிலும் எடுத்தோம். அது தோல் கழற்றிக் கழற்றி வளர்ந்து, கடைசியில் இலையோடு இலையாகப் பச்சை நிறமானது. ஈர்க்கால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவர்விட்ட கொம்புபோன்ற ஒன்றை வெளியே நீட்டி ஒரு மணத்தை விட்டது. எறும்பையும் குருவியையும் விரட்ட அதனிடமுள்ள ஆயுதம் அவ்வளவுதான். பிறகு தண்டில் நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவானது. முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதம். கறுப்பில் மஞ்சள் புள்ளிகளோடு பறந்து திரியும் தேசி வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைதான் எங்கள் "காக எச்சம்".

இந்த வேலையை முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னரே ஒரு பெண் செய்திருக்கிறார். ஜேர்மனியில் 1647 இல் பிறந்த மரியா சிபில்லா மேரியன், பதின்மூன்று வயதிலேயே பட்டுப்புழு வளர்த்துப் பார்த்தவர். 1679 இல் புழுக்களைப் பற்றிய முதற் புத்தகத்தை வெளியிட்டார். கணவரைப் பிரிந்து, ஓவியம் வரைந்து பிழைத்து, இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தார். 1699 இல், 52 வயதில், இளைய மகளோடு கப்பலேறித் தென்னமெரிக்காவின் சுரினாம் காட்டுக்கே போனார். புழுவைத் தனியே வரையாமல், அது தின்னும் செடியோடு சேர்த்து வரைந்தது அவருடைய சிறப்பு.

நாங்களும் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். புழுவைத் தேடாதீர்கள், செடியைத் தேடுங்கள். கடிபட்ட இலையும் அதன் கீழே மிளகுபோல் விழுந்து கிடக்கும் எச்சமும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். தேசி, கறிவேப்பிலை, விளாத்தி ஆகியவற்றின் குருத்திலைகளைப் பாருங்கள். எருக்கலை இலையைத் திருப்பினால், கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளும் மூன்று சோடிக் கறுப்புக் கொம்புகளும் கொண்ட புழு கிடைக்கலாம். எருக்கலைப் பாலின் நஞ்சை உடலில் சேர்த்து வைத்திருப்பதால் குருவிகள் அதைத் தின்னத் தயங்கும். முருங்கையில் கூட்டமாக அடையும் மயிர்க்கொட்டியைத் தூர நின்றே எடுங்கள். மயிர் பட்டால் சொறியாமல், ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுத்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

படம் எடுக்கக் காலை வெளிச்சம் நல்லது. மிகக் கிட்டப் பிடித்தால் படம் மங்கும். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, திரையில் புழுவின்மேல் விரலால் தட்டிவிட்டு எடுங்கள். காற்றடித்தால் இன்னொருவர் காம்பைப் பிடிக்கட்டும். தலை, பக்கம், முதுகு, முழுச்செடி என்று நான்கு படங்கள் போதும். திகதியைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

இது வெறும் பொழுதுபோக்கல்ல. 2018 இல் சேனா படைப்புழு இலங்கைக்குள் வந்து சோளச் செய்கையை அழித்தது. அதன் தலையில் வெளிறிய நிறத்தில் தலைகீழான "வை" எழுத்துப்போல ஒரு கோடு இருக்கும். வாற்பக்கத்தில் நான்கு கறுப்புப் புள்ளிகள் சதுரமாக நிற்கும். தெளிவான படம் இருந்தால் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி உடனேயே கேட்கலாம். எது பயிரைத் தின்னும் எதிரி, எது நாலு இலையோடு போய்விடும் விருந்தாளி என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் மருந்தடித்தால் காசும் போகும், கறிவேப்பிலையோடு நஞ்சும் எங்கள் சட்டிக்குள் வரும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். புழு தேடிக் காட்டுக்குள்ளோ பாழ்வளவுக்குள்ளோ போகவேண்டாம். 2017 இல் எங்கள் நாடு மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்துவிட்டது. ஆனால் வடக்கில் வெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் எந்த வண்ணத்துப்பூச்சியும் எங்களுக்கு வேண்டாம். உங்கள் வளவும் வேலியோரமும் போதும். பிள்ளைகளைத் தனியே விடாமல் கூடவே நில்லுங்கள்.

எங்கள் கூடு ஒரு விடியற்காலையில் வெடித்தது. ஈரச் செட்டையோடு தொங்கிய பூச்சியைப் பேத்தி படம் எடுத்தாள். படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் அதை அழிக்க அவள் விடவில்லை.

நாளை காலை முற்றம் கூட்டும்போது, விளக்குமாற்றை ஒரு நிமிடம் சாத்தி வைத்துவிட்டு, உங்கள் தேசிமரத்தையும் ஒருக்கால் பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.