உங்கள் டெர்மினலில் ஓடினால் போதுமா?

ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிப் பழகும் பலர், டெர்மினலில் ஒரு முறை ஓட்டிப் பார்த்து, விடை சரியாக வந்ததும் டெஸ்ட் முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது டெஸ்ட்டே அல்ல. காரணம், என்விரான்மென்ட் வேரியபிள்கள்.

நீங்கள் லாக் இன் செய்ததும் சிஸ்டம் உங்களுக்காக அமைத்துக் கொடுக்கும் மதிப்புகள் இவை. 'ஹோம்' உங்கள் போல்டரையும், 'பாத்' புரோகிராம்கள் உள்ள இடங்களையும், 'லாங்' மொழியையும் குறிக்கும். நீங்கள் இயக்கும் ஸ்கிரிப்ட்டுக்கும் இவை தானாகவே போய்ச் சேரும்.

எங்கள் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் பக்கத்து வீட்டுத் தம்பி, கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்று எச்சரிக்கையைத் தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 70 கேரக்டர்கள்தான். அதைத் தாண்டினால் ஸ்கிரிப்ட் செய்தியை நிறுத்திவிடும். டெர்மினலில் அருமையாக ஓடியது. விடியற்காலை 4 மணிக்கு 'கிரான்' தானாக இயக்கியபோதோ, செய்தி நீளம் என்று நின்றுவிட்டது. படகுகள் எச்சரிக்கை இல்லாமலே கிளம்பின. நல்ல வேளை, அன்று காற்று அடங்கியே இருந்தது.

என்ன நடந்தது? யூனிகோட் மொழி அமைப்பு இருந்தால், கேரக்டர்களை எண்ணும் கட்டளை 'தமிழ்' என்ற சொல்லை 5 என்று எண்ணும். அமைப்பு இல்லாவிட்டால் பைட்டுகளை எண்ணி 15 என்று சொல்லும். பல சிஸ்டங்களில் கிரான் மிகச் சில வேரியபிள்களையே தருகிறது. 'லாங்' அதில் இருப்பதில்லை.

எனவே, ஸ்கிரிப்ட் தனக்கு வேண்டிய மொழி அமைப்பைத் தானே முதல் வரியில் வைத்துக்கொள்ள வேண்டும். டெஸ்ட்டை 'என்வ் -ஐ' கட்டளையால் வெறுமையான சூழலில் தொடங்கி, தேவையானதை மட்டும் கொடுங்கள். 'ஹோம்' ஒரு தற்காலிக போல்டராக இருக்கட்டும். ஒவ்வொரு டெஸ்ட்டையும் அடைப்புக்குறிக்குள் எழுதினால் அது துணை ஷெல்லில் ஓடும். அங்கே மாற்றிய வேரியபிள் அடுத்த டெஸ்ட்டைத் தொடாது. பழைய மதிப்பைச் சேமித்து, பிறகு திருப்பி வைக்கும் தொல்லையும் இல்லை.

வீட்டில் எழுதும் பத்து வரிக்கு இவ்வளவு தேவையா என்று கேட்கலாம். 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான 'ஸ்டீம்' ஸ்கிரிப்ட்டில் ஒரு வேரியபிள் வெறுமையாகிப் போனதால், அழிக்கும் கட்டளை ஒரு பயனரின் சொந்த பைல்களையே துடைத்துவிட்டது. தவறு இருந்தது ஒரே வரியில்தான்.

வேரியபிள் இல்லாதபோது என்ன ஆகும் என்பதையும் சோதித்த பிறகே ஸ்கிரிப்ட்டைக் கிரானிடம் ஒப்படையுங்கள்.