வீட்டுச் சட்டமும் விளையாட்டுச் சட்டமும்

கேரம் பலகையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்துவிட்டால், கூடவே ஒரு நியாயஸ்தலமும் கூடிவிடுகிறது. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் தெருவுக்கு ஒரு சட்டம். ஒரு தெருவில் ஜயித்த வாதம் அடுத்த தெருவில் செல்லாக் காசு. ஆகவே, அடிக்கடி சண்டையில் முடிகிற சில சந்தேகங்களை இவ்வாரம் நாம் விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறோம்.

முதல் வழக்கு: ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தது, அதனுடன் ஆடியவரின் காய் ஒன்றும் விழுந்தது. "முறை போயிற்று, நகரு!" என்பது பல வீடுகளின் தீர்ப்பு. சர்வதேசக் கேரம் விதி அப்படிச் சொல்லவில்லை. விழுந்த காயும், அபராதமாக இன்னொரு காயும் பலகைக்குத் திரும்பவேண்டும். அவற்றை வைக்கும் உரிமை எதிராளிக்கு. ஆயினும் அடிக்கும் முறை ஆடியவரிடமே இருக்கும். ஸ்ட்ரைக்கர் தனியே விழுந்தால்தான் அபராதமும் கட்டி, முறையையும் இழக்கவேண்டும்.

இரண்டாவது வழக்கு சிவப்புக் காயைப் பற்றியது. தம் காய் ஒன்றையேனும் முன்பே போடாதவருக்கு அதைப் போட உரிமை கிடையாது. போட்ட பின்னர் அடுத்த அடியிலேயே தம் காயால் 'ஃபாலோ' செய்யாவிட்டால், அது நடுவிடத்துக்குத் திரும்பிவிடும். அதன் மதிப்பு 3 புள்ளி. 22 புள்ளியை எட்டிவிட்டவருக்கு அந்த மூன்றும் இல்லை. சிவப்பு பலகையில் இருக்கையில் தம் கடைசிக் காயைப் போட்டவரோ, ஜயித்தோம் என்று கை தட்டும் அதே கணத்தில் தோற்றவராகிறார்!

இப்படிப்பட்ட வழக்குகள் துரைமார்களுக்கும் இருந்தன. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்னும் இராணுவ அதிகாரி தொடங்கிய ஸ்நூக்கர் ஆட்டத்தின் விதிகள், பின்னர் நமது உதகை கிளப்பிலேதான் எழுதி மாட்டப்பட்டன. அதில் சட்டைக் கை பந்தின்மீது உரசினாலும் தப்பு. எதிராளிக்குக் குறைந்தது 4 புள்ளி. வெள்ளைப் பந்து வேறொரு பந்தை ஒட்டி நின்றால், அதை அசைக்காமல் அப்பால் அடித்துச் செல்லவேண்டும். மத்தியஸ்தர் காணாத உரசலை ஆடுபவர் தாமே சொல்லிவிடுவது அங்கே மரபு.

இவையெல்லாம் அற்ப விஷயங்கள் என்று சிலர் நினைக்கலாம். வீட்டுச் சட்டத்தில் பழகிய பிள்ளை பந்தயத்துக்குப் போய்த் தோற்று நிற்கும்போது அற்பமாகத் தோன்றாது. ஸ்நூக்கர் மேஜைக்குத் தனி மண்டபமே வேண்டும்; கேரத்துக்கு ஒரு திண்ணை போதும். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த, ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் தனியர், இரட்டையர், குழு ஆகிய மூன்றிலும் தங்கப் பதக்கம் பெற்றார். அங்கேயும் காய்கள் 19, குழிகள் 4. நம் வீட்டுக் கூடத்திலும் அவ்வளவே. விதி ஒன்றுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

ஆதலால், இந்த ஞாயிற்றுக்கிழமை பலகையில் பவுடர் தூவுமுன் விதிகளை ஒருமுறை உரக்கப் படித்துவிடுங்கள். விரல் தவறிக் காய் அசைந்தால், எதிராளி கேட்குமுன் தாமே சொல்லிவிடவும் குழந்தைகளைப் பழக்குங்கள்.