கரையில் இருந்தபோது கட்டணம்

"இலவசமாகக் கொடுத்தும் கிளிஞ்சல்மேட்டு மீனவர்கள் கொரோனா பூஸ்டர் போட வரவில்லை, அக்கறை கிடையாது" என்கிறீர்கள். எப்போது இலவசம்? 2022 ஏப்ரல் 10-இல் 18 முதல் 59 வயதுக்காரர்களுக்குத் தொடங்கியபோது தனியார் மையங்களில் மட்டும்தான். ஊசி 225 ரூபாய், போட்டுவிட 150 வரை. வீட்டில் மூன்று பேர் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். ஐந்தே நாளில் மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கட்டிக்கிடக்கிறது; கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டு ஆள் கரையில்தான் இருக்கிறார், கையில்தான் காசில்லை. இரண்டாம் ஊசிக்கும் பூஸ்டருக்கும் நடுவே இருந்த 9 மாத இடைவெளியை 6 ஆக்கியதே ஜூலை 6-இல்தான்.

இலவசம் ஜூலை 15-இல் வந்தது, அதுவும் 75 நாளுக்கு. (நாளைக் குறித்தவர் மீன்கூட வாங்கியதில்லை போல.) அன்றைக்குப் படகு கடலில்.